காசு எங்கே ஒழுகுகிறது? அறிகுறி பார்த்து வீட்டுச் செலவைச் சரிசெய்யும் வழிமுறை

சிக்கனக் குறிப்புப் பட்டியல்களில் ஒரு கோளாறு உண்டு. செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பதும் வாட்டர் ஹீட்டரை நேரத்தோடு அணைப்பதும் அடுத்தடுத்த வரியில் ஒரே மதிப்போடு உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு பட்டியலை நம்பி, ஒரு மாதம் முழுக்க விளக்கு விளக்காக அணைத்துக்கொண்டு திரிந்தேன். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து போனால்கூட, திரும்பி வரும்போது அறை இருட்டாக இருக்கும். பில் வந்தது. போன முறையைவிட 4 யூனிட் குறைவு. மற்றபடி வீட்டில் எல்லோருடைய முறைப்பும்தான் மிச்சம்.

எந்த ஓட்டை பெரியது என்று பார்க்காமல், கைக்கு எட்டிய ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததுதான் என் தவறு. அதனால் இதை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

அறிகுறி எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான். ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில், கரண்ட் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் பார்த்து ரீடிங்கைத் தாளில் எழுதுங்கள். இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால் நாள் கணக்கு வந்துவிடும். பணத்தை எழுத வேண்டாம். கட்டணம் மாறும், பில் போடும் நாள் மாறும். யூனிட்டும் லிட்டரும் அப்படி மாறாது.

புதிதாக எதுவும் வாங்கவில்லை, ஆனாலும் கரண்ட் பில் ஏறிவிட்டது

முதலில் பில்லையே சந்தேகப்படுங்கள். எத்தனை நாளுக்கான பில்? ரீடிங் உண்மையில் எடுத்ததா, உத்தேசமாகப் போட்டதா? போன முறை 58 நாள், இந்த முறை 64 நாள் என்றால் ஏறியது பில் மட்டுமாக இருக்கலாம், உங்கள் செலவு அல்ல. மொத்த யூனிட்டை நாள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணும் ஏறியிருந்தால் மீட்டர் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் 3200 அல்லது 1600 என்பதுபோல ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். ஒரு யூனிட் செலவாவதற்குள் அந்த விளக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பதுதான் அது. 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுங்கள். வருவதை, இரண்டு சிமிட்டலுக்கு நடுவே ஓடும் விநாடிகளால் வகுங்கள். இந்த நிமிடம் உங்கள் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்பது கிடைத்துவிடும். 3200 என்று போட்டிருந்து 15 விநாடிக்கு ஒரு முறை சிமிட்டினால், 36 லட்சம் வகுத்தல் 3200 என்பது 1125. அதை 15-ஆல் வகுத்தால் 75 வாட். இதற்காகத் தனிக் கருவி வாங்கத் தேவையில்லை, கைக்கடிகாரம் போதும்.

இதை இரவு எல்லோரும் படுத்த பிறகு செய்யுங்கள். ஃபிரிட்ஜைக் கொஞ்ச நேரம் அணைத்து, மின்விசிறி, விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எண்ணுங்கள். யாரும் எதையும் பயன்படுத்தாத அந்த வேளையிலும் 100 வாட் ஓடினால், அது நாளுக்கு 2.4 யூனிட், ஆண்டுக்கு 876 யூனிட். அப்புறம் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, எதைக் கழற்றும்போது சிமிட்டல் மெதுவாகிறது என்று பாருங்கள். டிவியோடு இருக்கும் செட் டாப் பாக்ஸ், எப்போதும் விழித்திருக்கும் கணினி, மறந்துபோன பழைய ஸ்டெபிலைசர் என்று யாராவது ஒருவர் மாட்டுவார். செட் டாப் பாக்ஸ்களில் சில, ரிமோட்டில் அணைத்த பிறகும் ஓடும்போது இழுப்பதில் பெரும்பங்கை இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு சுவர் ஸ்விட்ச்தான் மருந்து. பரிசோதனை முடிந்ததும் ஃபிரிட்ஜை மறக்காமல் போடுங்கள். நான் ஒரு முறை மறந்து, மறுநாள் பாலைக் கொட்டினேன்.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் விளக்கு சிமிட்டினால் நீங்கள் மேற்கொண்டு நோண்ட வேண்டாம். வயரிங்கில் கசிவு இருக்கலாம், வேறு யாருடைய இணைப்பாவது உங்கள் மீட்டர் வழியாகப் போகலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சந்தேகப் பட்டியலில் யாரை முதலில் வைப்பது? ஒரு விதி போதும்: சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் பெருந்தீனிக்காரர்கள். 2000 வாட் ஹீட்டர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டை முடித்துவிடும். அதே ஒரு யூனிட்டில் 9 வாட் எல்இடி விளக்கு 111 மணி நேரம் எரியும். செல்போனை ஆண்டு முழுக்கத் தினமும் ஒரு முறை முழுதாகச் சார்ஜ் செய்தாலும் 10 யூனிட்டைத் தாண்டாது. சும்மா செருகியிருக்கும் சார்ஜருக்காக வீட்டில் சண்டை போடுபவர்கள் இதை ஒரு முறை யோசிக்கலாம். புதிய சாதனங்களில் காத்திருப்பு மின்சாரம் பொதுவாகவே குறைந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் 1 வாட் என்றும் 2013-ல் அரை வாட் என்றும் பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்கு வரம்பு வைத்தது அதற்கு ஒரு காரணம்.

எல்லாம் எல்இடி ஆக்கியாகிவிட்டது, பில் அசையவில்லை

எந்த விளக்கை மாற்றினீர்கள் என்று பாருங்கள். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும். மிச்சம் 51 வாட். தினமும் 5 மணி நேரம் எரியும் இடத்தில் மாற்றினால் ஆண்டுக்கு 93 யூனிட் கையில் நிற்கும். சாமான் அறையில் தினமும் 5 நிமிடம் எரியும் பல்பை மாற்றினால் ஒன்றரை யூனிட். ஏற்கெனவே டியூப் லைட் இருந்த இடம் என்றால் மிச்சம் இன்னும் குறைவு. அதிகம் எரிவதை முதலில் மாற்றுங்கள், மற்றது ஃபியூஸ் போகும்போது மாறிக்கொள்ளட்டும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், அது நம் மனசில் இருக்கிறது. "எல்இடிதானே, எரியட்டும்" என்ற நினைப்பு. பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் 1865-லேயே இதை நிலக்கரியில் பார்த்தார்: நீராவி எந்திரங்கள் குறைந்த கரியில் ஓடத் தொடங்கியபோது, கரிச் செலவு குறையவில்லை, கூடியது. சிக்கனமான சாதனம் வந்ததும் அதை இன்னும் தாராளமாகப் பயன்படுத்துவது மனித சுபாவம். புது ஏசி வாங்கிய பல வீடுகளில் நடப்பதும் இதுதான்.

ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடுகிறது

மோட்டார் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை ஃபிரிட்ஜ் என்றால் மெதுவாக, நீண்ட நேரம் ஓடுவதுதான் அதன் இயல்பு. அதைக் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கை அழைத்துவிடாதீர்கள். பழைய வகை ஓய்வே எடுக்காமல் உறுமினால்தான் கவலை.

ஒரு தாளை எடுத்துக் கதவு விளிம்பில் வைத்து மூடுங்கள், பாதித் தாள் வெளியே இருக்கட்டும். இழுங்கள். இறுக்கிப் பிடித்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் விளிம்பு சரியாக ஒட்டவில்லை. மேலே, கீழே, கீல் பக்கம், கைப்பிடிப் பக்கம் என்று சுற்றிலும் ஒவ்வோர் இடமாகச் செய்யுங்கள். கீழ் மூலையில்தான் பெரும்பாலும் தாள் வழுக்கும், சிந்தியதெல்லாம் வழிந்து வந்து காய்ந்து பிசுக்காகும் இடம் அது. ரப்பரைப் புதிதாக வாங்கும் முன் வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் கலந்து, பழைய பல்துலக்கியால் அந்த மடிப்புகளுக்குள் தேயுங்கள். துடைத்துக் காயவிட்டு மறுபடி தாளை வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் இத்தோடு சரியாகிவிடும். ரப்பர் வளைந்திருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் சிறிது நேரம் வைத்து, இளகியதும் கையால் நீவி, கதவை இறுக மூடி வைக்கலாம். கிழிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

அடுத்தது பின்பக்கம். உள்ளேயிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுதான் ஃபிரிட்ஜின் வேலை. பின்னால் உள்ள கம்பிச் சுருளில் தூசி படிந்து, சுவரோடு ஒட்டியும் நிறுத்திவிட்டால், அது சூட்டை எங்கே தள்ளும்? பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசியைத் தட்டுங்கள், சில அங்குலம் முன்னால் இழுத்து வையுங்கள். அடுப்புக்கும் வெயில் விழும் ஜன்னலுக்கும் பக்கத்தில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

கடைசியாக அளவு. கீழ்ப்பெட்டிக்கு 4 டிகிரி செல்சியஸ், உறைபெட்டிக்கு மைனஸ் 18 போதும். திருகில் இருக்கும் 1, 2, 3 எல்லாம் டிகிரி அல்ல. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். உறைபெட்டியில் அரை சென்டிமீட்டருக்கு மேல் பனி கட்டியிருந்தால் அணைத்துவிட்டு உருகவிடுங்கள். கத்தியால் குத்த வேண்டாம்; குளிரூட்டும் வாயு ஓடும் குழாயில் பட்டால் பெட்டியே போய்விடும், அந்த வாயுவும் காற்றில் கலக்கும்.

வெந்நீருக்கே பாதிப் பில் போகிறது போலிருக்கிறது

அப்படித்தான் இருக்கும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.6 யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். இயற்பியல் கணக்கு இது, கம்பியால் சூடாக்கும் எந்தக் கம்பெனி ஹீட்டராலும் இதைக் குறைக்க முடியாது. ஹீட்டரை மாற்றி யோசிப்பதைவிட, எவ்வளவு தண்ணீரைச் சூடாக்குகிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஷவருக்குக் கீழே வாளியை வைத்து ஒரு நிமிடம் திறந்துவிடுங்கள். 12 லிட்டர் வந்தால், 8 நிமிடக் குளியலுக்கு 96 லிட்டர் போகிறது. நீர்ப்போக்கைக் குறைக்கும் ஷவர் தலையை மாட்டினால் 7, 8 லிட்டருக்கு இறங்கும். தண்ணீர், கரண்ட் இரண்டும் ஒரே திருகில் மிச்சம். எந்தப் பசுமைச் சாதனத்தையும்விட இது சீக்கிரம் போட்ட காசைத் திருப்பித் தரும் என்பது என் கணிப்பு.

முன்பு 10 நிமிடத்தில் சூடானது இப்போது 20 நிமிடம் எடுக்கிறதா? உள்ளே சுண்ணாம்புப் படிவம் கட்டியிருக்கலாம். ஹீட்டர் கம்பிக்கும் தண்ணீருக்கும் நடுவே அந்தப் படிவம் போர்வைபோல நிற்கிறது. கெட்டில் என்றால் எலுமிச்சை அமிலத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவினால் கரைந்துவிடும். சுவரில் மாட்டிய ஹீட்டரைத் திறக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பெரிய தொட்டியில் வெந்நீரைச் சேமித்து வைக்கும் ஹீட்டரில், சிக்கனம் என்று வெப்பநிலையை 60 டிகிரிக்குக் கீழே நிரந்தரமாக இறக்கிவிடாதீர்கள். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். சின்ன ஹீட்டர் என்றால் குளிக்கும் முன் போட்டு, சூடானதும் அணைப்பதுதான் எளிது.

ஏசி ஓடுகிறது, அறை குளிரவில்லை

ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மறுபக்கம் தெரியவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். வெளியே இருக்கும் பெட்டிக்கு முன்னால் சாமான் அடுக்கியிருந்தால் அகற்றுங்கள். அப்புறம் ஜன்னல். உள்ளே தொங்கும் திரையைவிட ஜன்னலுக்கு வெளியே விழும் நிழல் மேல். திரை தடுக்கும்போது சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. கதவிடுக்கில் ஊதுபத்திப் புகையைக் காட்டினால் காற்று எங்கே நுழைகிறது என்று புகையே சொல்லும். குளிர்நாட்டில் ஹீட்டர் போடுபவர்களுக்கும் இதே சோதனைதான். மின்விசிறி மனிதரைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல. ஆளில்லாத அறையில் அது சுற்றுவதால் அதன் மோட்டார் சூடுதான் அறைக்குச் சேரும். ஆள் இருக்கும்போது விசிறியையும் போட்டுக்கொண்டால் ஏசியை 2 டிகிரி ஏற்றி வைத்தாலும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது.

தண்ணீர்த் தொட்டி சீக்கிரம் காலியாகிறது, அல்லது தண்ணீர் பில் எகிறுகிறது

இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்து வையுங்கள். காலையில் முதல் ஆள் எழும் முன் பாருங்கள். மீட்டர் இல்லாத வீட்டில் மேல்தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும். எண் நகர்ந்திருந்தால், அல்லது மட்டம் இறங்கியிருந்தால், எங்கோ ஒழுகுகிறது.

பெரும்பாலும் குற்றவாளி ஃப்ளஷ் டேங்க். குழாய் சொட்டினால் சத்தம் கேட்கும், தரை நனையும். ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால் எதுவும் தெரியாது, பீங்கானின் பின்சுவர் வழியாக மெல்லிய படலமாக வழுக்கிக்கொண்டு போய்விடும். எங்கள் வீட்டில் மூன்று மாதம் அப்படிப் போனது. பூமிக்கடியில் குழாய் உடைந்திருக்கும் என்று தரையைத் தோண்டுவதற்கு விலை பேசும் வரை போய்விட்டேன். ஆள் வருவதற்கு முந்தின நாள் இரவு, பீங்கானின் உள்சுவரில் ஒரு துண்டு டிஷ்யூ தாளை ஒட்டிப் பார்த்தேன். நிமிடத்தில் நனைந்து சரிந்தது. ஐந்து விரலுக்குள் அடங்கும் ஒரு ரப்பர் மூடி தேய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே சில சொட்டு உணவு நிறமி விடுங்கள். இல்லையென்றால் ஆறிய காபிக் கஷாயம் ஊற்றுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கீழே பீங்கானில் நிறம் வந்து, டேங்கின் நீர்மட்டம் வழிகுழாயின் வாய்க்குக் கீழே இருந்தால் அடி ரப்பர் ஒழுகுகிறது. நீர்மட்டம் வழிகுழாயின் வாயைத் தொட்டு, டேங்குக்குள் சன்னமாகச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றால், மிதவை உயரமாக நிற்கிறது. தண்ணீர் நிரம்பி வழிகுழாயில் போய்க்கொண்டிருக்கிறது. மிதவையின் திருகை இறக்கி, வழிகுழாயின் வாய்க்கு இரண்டு விரற்கடை கீழே நீர்மட்டம் நிற்கும்படி வையுங்கள். இரண்டையும் பார்க்காமல் விட்டால் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர்கூடப் போகும்.

குழாய் சொட்டுவதற்கு டம்ளர் சோதனை. கீழே டம்ளரை வைத்து ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 200 மில்லி சேர்ந்திருந்தால் நாளுக்கு 4.8 லிட்டர், ஆண்டுக்கு 1752 லிட்டர். வாஷர் மாற்றினால் நிற்கும். வாஷர் மாற்றியும் சொட்டினால், அது உட்காரும் வாய் தேய்ந்திருக்கிறது. இன்னும் இறுக்கித் திருகுவது வாஷரைத்தான் சீக்கிரம் கொல்லும்.

கேஸ் முன்னைவிடச் சீக்கிரம் தீர்கிறது

நெருப்பின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக, ஒரே உயரமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரியானால் வாயு முழுதாக எரியவில்லை. காசும் போகிறது, கார்பன் மோனாக்சைடும் சேர்கிறது. பர்னர் மூடியைக் கழற்றி, துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். காற்று நுழையும் வழியில் தூசி அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். அதன் பிறகும் நீலம் திரும்பவில்லை என்றால் அடுப்புச் சரிசெய்பவரிடம் காட்டுங்கள். வாயு வாடை வந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம்: வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, ஸ்விட்சைத் தொடாமல் வெளியே போய் ஆளைக் கூப்பிடுங்கள்.

நெருப்பு நீலமாக இருந்தும் தீர்கிறதா? பாத்திரத்தின் பக்கவாட்டில் நெருப்பு ஏறி நக்குகிறதா என்று குனிந்து பாருங்கள். ஏறினால் அந்தப் பங்கு சமையலறையைத்தான் சூடாக்குகிறது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு நெருப்பைக் கூட்டி வைத்தால் சமையல் வேகமாக நடக்காது. 100 டிகிரிக்கு மேல் அது ஏறாது, நீங்கள் கொடுக்கும் கூடுதல் சூடெல்லாம் ஆவியாகிப் போகும். ஒரு லிட்டர் தண்ணீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஆகும் ஆற்றலைப்போல 5 மடங்குக்கு மேல், அதே ஒரு லிட்டரை ஆவியாக்க ஆகும். மூடி போடுவதில் இருக்கும் சூட்சுமம் அவ்வளவுதான். கொதி வந்ததும் நெருப்பைச் சிறிதாக்கி, மூடிவிடுங்கள். பயறு வகைகளை முந்தின இரவே ஊறப்போடுவது, முடிந்தவரை பிரஷர் குக்கரில் வைப்பது ஆகியவை அடுத்த படி.

துவைத்த துணி விறைப்பாக இருக்கிறது, மக்கின வாடையும் அடிக்கிறது

சோப்புத் தூள் குறைந்துவிட்டது என்று இன்னொரு கரண்டி போடத்தான் கை போகும். பெரும்பாலும் நேர்மாறு. துணிகளில் அலசாமல் தங்கிய சோப்புதான் விறைப்புக்கும் வாடைக்கும் காரணம். ஏற்கெனவே துவைத்து உலர்ந்த துண்டு ஒன்றை, சோப்பே போடாமல் தண்ணீரில் அலசிப் பாருங்கள். நுரை வந்தால் இத்தனை நாள் அளவுக்கு மேல் கொட்டியிருக்கிறீர்கள். பாதி அளவில் தொடங்கி, அழுக்கு போகவில்லை என்றால் மட்டும் கூட்டுங்கள். துண்டுகளுக்கு மென்மையூட்டி வேண்டாம், அது படிந்தால் துண்டு ஈரத்தை உறிஞ்சாது. வெந்நீர்த் துவைப்பையும் குறையுங்கள்: மெஷினில் 15 லிட்டரை 20-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 0.7 யூனிட், 30 டிகிரிக்கு என்றால் 0.17 போதும். உடம்பு சரியில்லாதவர் படுத்த விரிப்புக்கு மட்டும் வெந்நீர்.

வீட்டிலேயே தயாரித்த சுத்திகரிப்பான் எதையும் சுத்தம் செய்யவில்லை

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தீர்களா? புஸ்ஸென்று பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கரியமில வாயுவாகப் பொங்கி அடங்கிய பிறகு, பாட்டிலில் இருப்பது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். சுண்ணாம்புக் கறைக்கு வினிகர், எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்க்க சோடா. பளிங்குத் தரையில் வினிகர் வேண்டாம், கல்லையே அரிக்கும். பிளீச்சோடு வினிகரையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ சேர்க்கவே சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

வாங்கிய காய்கறியில் பாதி குப்பைக்குப் போகிறது

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-ல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. ஆகவே இது உங்கள் வீட்டு நோய் மட்டும் அல்ல.

எது அழுகுகிறது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். கீரைதான் எப்போதும் போகிறது என்றால், அதற்குப் பக்கத்தில் வாழைப்பழமோ ஆப்பிளோ தக்காளியோ இருக்கிறதா என்று பாருங்கள். அவை எத்திலீன் வாயுவை விடும், அது பக்கத்தில் இருப்பதையெல்லாம் சீக்கிரம் முதிரவைக்கும். பிரித்து வைத்தாலே இரண்டொரு நாள் கூடுதலாகத் தாங்கும். எல்லாமே கலந்துகட்டிப் போகிறது என்றால் சேமிப்பில் கோளாறு இல்லை, வாங்குவதில்தான். புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் இழுத்துவிடுங்கள், கண்ணில் படாதது சமையலுக்கு வராது.

உரத் தொட்டி நாறுகிறது

ஈரம் அதிகம், காற்று குறைவு. காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ, ஈரக் கழிவைப்போல இரண்டு மடங்கு போட்டுக் கிளறுங்கள். வாடை ஓரிரு நாளில் அடங்கும். ஈ மொய்த்தால் கழிவு திறந்து கிடக்கிறது, மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள். வாரக்கணக்கில் எதுவுமே மக்கவில்லை என்றால் மறுதிசைக் கோளாறு: காய்ந்து கிடக்கிறது. பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும்.

பசுமைப் பொருளாக வாங்கி வாங்கியே காசு கரைகிறது

இந்த நோயைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. நல்ல பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடி ஜாடி, இருக்கிற பையை விட்டுவிட்டுப் புதுப் பருத்திப் பை, அதற்கு மேல் மூங்கில் கரண்டி. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு பருத்திப் பையைக் கணக்குப் போட்டது. ஒரு முறை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் அது மேலாக வர, 131 முறை பயன்படுத்த வேண்டும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பை, அது எதுவானாலும், கிழியும் வரை அதைத் தூக்கிக்கொண்டு போவதுதான் மலிவு.

பெரிய சாதனங்களுக்கு மட்டும் கணக்கு வேறு. பழையது ஆண்டுக்கு இழுக்கும் யூனிட், புதியதன் முத்திரையில் போட்டிருக்கும் யூனிட், இரண்டின் வித்தியாசத்தை உங்கள் கட்டணத்தால் பெருக்குங்கள். வாங்கும் விலையை அதால் வகுத்தால் எத்தனை ஆண்டில் காசு திரும்பும் என்று வரும். அது சாதனத்தின் ஆயுளைவிடக் குறைவாக இருந்தால் மாற்றலாம். மாற்றிய பிறகு பழைய ஃபிரிட்ஜை "இருக்கட்டும்" என்று இன்னோர் அறையில் ஓடவிட்டால் கணக்கெல்லாம் வீண்.

ஒரு மாதம் குறைந்தது, அப்புறம் பழையபடி ஏறிவிட்டது

எதனால் குறைந்தது என்று பிரித்துப் பாருங்கள். வாஷர் மாற்றியது, ஷவர் தலை மாட்டியது, ஃபிரிட்ஜ் ரப்பரைக் கழுவியது எல்லாம் ஒரு முறை செய்தால் தானாக வேலை செய்துகொண்டிருக்கும். ஹீட்டரை அணைப்பது, நெருப்பைக் குறைப்பது எல்லாம் யாராவது ஒருவர் தினமும் ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டியவை. முதலில் தளர்வது இவைதான். முடிந்ததைச் சாதனத்தின் பொறுப்பில் விடுங்கள். ஹீட்டருக்கு ஒரு டைமர் போட்டால் போதும், யாரையும் திட்ட வேண்டியதில்லை.

முதல் வாரம் எழுதிய ரீடிங் தாளைக் கிழித்துவிடாமல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, வாரம் ஒரு முறை ஓர் எண்ணாவது சேர்த்துக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள்தான் அதை எழுதுகிறார்கள், என் பேச்சைவிட அந்தத் தாளின் பேச்சு எடுபடுகிறது. இதிலிருக்கும் எல்லாச் சோதனையும் செய்து, நாளொன்றின் யூனிட் மட்டும் இறங்க மறுக்கிறது என்றால், எலக்ட்ரீஷியன் வரும்போது அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். எந்த வாரத்திலிருந்து ஏறியது என்று தெரிந்தால் அவர் தேடல் அங்கிருந்தே தொடங்கும்.